தலையணைப் பஞ்சு

மீன் தொட்டிக்குள் கையை விட்டதும் கண்ணகிக்கு முதலில் தட்டுப்பட்டது வழவழப்புதான். நேற்றுதான் பாதித் தண்ணீரை மாற்றியிருந்தாள். அதற்குள் கண்ணாடியின் உள்பக்கமெல்லாம் வெண்டைக்காய்க் கொழகொழப்பு. மேலே வந்த குமிழிகள் உடையாமல் எச்சில் நுரையாக ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கையை முகர்ந்து பார்த்தாள். விளக்கெண்ணெயும் சளியும் கலந்த வாடை. யாருடைய வாடை என்று தெரிந்தும், தெரியாதவள்போல மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மாமியார் தைலம்மாள் செத்து இருபது நாள்தான் ஆகிறது. ஒரு வருஷம் மூச்சிழுப்பில் கிடந்து, நெஞ்சில் விளக்கெண்ணெய் தடவி, கிண்ணம் கிண்ணமாகச் சளி துப்பி, கடைசியில் அந்தச் சளியிலேயே மூச்சடைத்துப் போய்ச் சேர்ந்தவள். செத்தவர் படுத்த பாயையும் தலையணையையும் நைனார்பாளையத்து எல்லையில் கொண்டுபோய் வீசிவிடுவதுதான் அவர்கள் வீட்டு வழக்கம். கண்ணகி பாயை வீசினாள். தலையணை கல்வராயன் மலையிலிருந்து வந்த நல்ல இலவம்பஞ்சு ஆயிற்றே, வீச மனசு வரவில்லை. உறையை மட்டும் எறிந்துவிட்டு, பஞ்சைத் தொட்டியின் வடிகட்டிப் பெட்டிக்குள் அடைத்துவிட்டாள். பஞ்சு பஞ்சுதானே, செத்தவள் தலை வைத்தால் பாம்பாகவா மாறிவிடும்? அப்படி ஒரு புத்திசாலித்தனம் அவளுக்கு.

அன்றிலிருந்து தொட்டியின் சத்தம் மாறிப்போனது. காற்று மோட்டாரிலிருந்து குழாய் வழியாகச் சீராக வந்துகொண்டிருந்த குமிழிகள் இழுத்து, நின்று, திணறி, பிறகு கொர்ரென்று வந்தன. ஆறு வயது மகள் பாப்பாத்திக்கும் அன்றிலிருந்துதான் இழுப்பு.

"எம்மா, மீனு இருமுதும்மா."

"வாய மூடிக்கினு படு."

கரும்பு ஆலைக்குக் கிளம்பும்போது கணவன் சின்னராசும் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டான்.

"இன்னா கண்ணகி, வூடே நாறுது? தொட்டிக்குப் புதுப் பஞ்சு எங்க வாங்குன?"

"கடையிலதாங்க."

பொய் சொன்ன நாக்கில் அந்த வாடை ஒட்டிக்கொண்டது. காறிக் காறித் துப்பியும் போகவில்லை.

மதியம், மாதாமாதம் நிறுத்துவதுபோலக் கரண்டை நிறுத்தினார்கள். மின்விசிறி நின்றது. மோட்டாரும் நின்றது. தொட்டியை ஒட்டிய கட்டிலில் பாப்பாத்தி தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். மகளும் கணவனும் அறியுமுன் பஞ்சைத் தூக்கி எறிந்துவிடலாம், பிள்ளைக்கும் சரியாகிவிடும் என்று கண்ணகி பெட்டியைத் திறந்தாள்.

இலவம்பஞ்சு தண்ணீரில் ஊறாது. இது ஊறியிருந்தது. உப்பிப் பழுத்து, மஞ்சளாய், ஒரே கட்டி. தொட்டாள். வெதுவெதுப்பு. இழுத்தாள். நூலாய் நீண்டது. நடுவில் நரைமுடி. கிழவி மென்று துப்பிய வெற்றிலைச் சிவப்பு. விரலை உருவப் பார்த்தாள். பஞ்சு விரலைச் சப்பியது.

கொர்ர்ர்.

குமிழிகள். கரண்ட் இன்னும் வரவில்லை. விரலைப் பிடுங்கிக்கொண்டு மோட்டாரைப் பார்த்தாள். அதில் குழாய் செருகியிருக்கவில்லை.

ஒரு முனை தொட்டிக்குள். இன்னொரு முனை? பச்சைக் குழாயைக் கண்ணால் தொடர்ந்தாள். தரை. கட்டில் கால். போர்வை.

"பாப்பாத்தி..."

போர்வையை விலக்கினாள்.

குழாய் பிள்ளையின் வாய்க்குள் தொண்டைவரை போயிருந்தது. கண்கள் திறந்தே இருந்தன. நெஞ்சு இறங்கியது, தொட்டியில் குமிழி வந்தது. நெஞ்சு ஏறியது, தொட்டியிலிருந்து குழாய்க்குள் மஞ்சளாய் ஏதோ ஒன்று, நரைமுடியையும் இழுத்துக்கொண்டு, பிள்ளையின் உதட்டை நோக்கி மெல்ல ஏறி வந்தது.