கிழியாத வாய்

மீன் தண்ணீருக்கு வெளியே இருக்கும்வரை, பிடித்தவரும் மூச்சுவிடக் கூடாது. அணையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு அதுதான் சட்டம். கழுத்துப்பட்டையிலுள்ள மூச்சுணரி கத்திவிட்டால் உரிமம் போச்சு. அந்த ஒரு மூச்சடக்கத்துக்குள் ஒளிவருடியால் மீனை அளந்து, திரும்பவும் ஆற்றில் விட்டுவிட வேண்டும். அந்த அளவை வைத்து வேதவல்லி பிசினில் ஒரு படிமீன் வார்த்துத் தருவாள். நிஜ மீனைப் பாடம்செய்து சுவரில் மாட்டலாம், அது தானாகச் செத்துக் கரை ஒதுங்கியிருந்தால் மட்டும்.

வேதவல்லி கைகாரி. தூண்டில் முள் கிழித்த உதட்டை அளவிலேயே சரிசெய்துவிடுவாள். காயத்தையா காசு கொடுத்து மாட்டுவார்கள் என்பாள். ஒருவர் வீட்டு மீன் இன்னொருவர் வீட்டில் தொங்கக் கூடாதென்று செதில் வரிசையையும் ஆளுக்கொரு விதமாக மாற்றுவாள். அவள் திருத்திய அளவுகளைக் கொண்டுதான் ஆற்றுக் காப்பகம் மீன்களை எண்ணியது; செதில் வரிசை வேறானால் வேறு மீன் என்று கணக்கு. கறுப்புக் கெண்டை பெருகுகிறது என்று ஆண்டுதோறும் அறிக்கை வந்தது.

மாசியில் ஒரு கெண்டை செத்து ஒதுங்கியது. கடைசியாகக் கெண்டை பிடித்திருந்தவர் பல் டாக்டர் இளவழகன் என்பதால் அது அவருக்கே வந்தது. நிஜ மீனே கிடைத்த சந்தோஷத்தில் அவர் அதைப் பாடம்செய்யச் சொல்லி அனுப்பினார். வேதவல்லி வாயைத் திறந்து பார்த்தாள். உதடு நார்நாராகத் தொங்கியது. பழைய அளவுகளைத் திருத்துவதற்கு முன்பிருந்த நிலையில் வரிசையாக எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் அதே கிழிசல்கள், கூடுதலாகப் புதிதாய் ஒன்று. இத்தனை ஆண்டும் ஊரே பிடித்துப் பிடித்து விட்டது இந்த ஒரே மீனைத்தான்.

காப்பகத்தில் போய்ச் சொன்னாள். அறிக்கையைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். பாவி, என் கையாலேயே மறைத்துவிட்டேனே என்று வழியெல்லாம் அழுதாள். டாக்டராவது நம்புவார் என்று அந்த வாயைத் தைக்காமலே பாடம்செய்து வைத்தாள்.

அவர் வந்து பார்த்து முகம் சுளித்தார்.

“இது என் மீன் இல்லம்மா. என்னோடது வாய் நல்லா இருக்கும். வீட்ல வந்து பாருங்க.”

“அது நான் வச்ச வாய் சார். ஆத்துல இருந்தது இது ஒண்ணுதான்.”

அவர் சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வேறொன்று பிடித்து அளவு அனுப்புவதாகச் சொல்லிப் போனார். மீனை எடுத்துப் போகவில்லை.

ஞாயிறு மாலை ஆற்றங்கரையிலிருந்தே போன் செய்தார். காலையிலிருந்து கரை முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்களாம், ஒருவர் தூண்டிலும் அசையவில்லையாம்.

“ஏம்மா,” என்றார், “இத்தனை மீனும் எங்கதான் போயிருக்கும்?”