சசிகலா கடித்த தக்காளி

அடுப்பு மேடையில் பாதி கடித்த தக்காளி ஒன்று இருந்தது. கடித்த இடத்தில் உப்புத் தூவியிருந்தது. மாயவன் அன்று தக்காளியே வாங்கவில்லை. தருமபுரியின் அந்த வாடகை வீட்டில் அவனைத் தவிர வேறு ஆளும் கிடையாது.

எலி வேலை என்று சொல்லிக்கொள்ளலாம்தான். எந்த ஊர் எலி உப்புப் போட்டுத் தின்கிறது?

செத்துப்போன மனைவி சந்தியாவுக்குச் சமைக்காத தக்காளி என்றாலே ஆகாது. தக்காளி மண்டிகள் நிறைந்த பாலக்கோட்டில் அந்த வாடையிலேயே வளர்ந்தவள், கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். உப்புப் போட்டுத் தின்பவள் சசிகலா. அவனுடைய நாவலில் வரும் மனைவி. சந்தியாவை வைத்துத்தான் அவளை எழுதத் தொடங்கினான். ருசிக்குத் தக்காளியைக் கொடுத்தான். இரக்கத்துக்கு இடது காலை இழுத்து நடக்கவிட்டான். அழகுக்கு மோவாயில் ஒரு மச்சம் வைத்தான். அதோடு விட்டிருக்கக் கூடாதா இந்த மனுஷன்!

நாவல் அன்று சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டும். மதியம் சந்தியாவின் தங்கை பாரதி போனில் அழுதாள்.

"நீங்க அனுப்புனத படிச்சேன் மாமா. அக்கா கோவிச்சுக்கிட்டு தொப்பூர் எறக்கத்துல வண்டிய வுட்டு எறங்கி நடந்தாளா? மழை வருது, நிறுத்துங்கன்னு கெஞ்சுனவ மாமா அவ. லாரியோட போட்டி போட்டு ஓட்டுனது நீங்க. ஆஸ்பத்திரியில எங்கிட்ட சொல்லி அழுதீங்களே!"

"கதைதானே பாரதி. பாதி நடந்தது, பாதி கற்பனை. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"மாத்திடுங்க மாமா. அக்காவுக்குன்னு மிச்சம் இருக்கறது அந்த ஒரு உண்மைதான்."

மாற்றலாம் என்று பேனாவை எடுத்தான். மனசு வரவில்லை. புத்தகத்திலாவது நல்லவனாக இருந்துவிட்டுப் போகிறேனே என்று ஒரு நப்பாசை. நாலரை மணிக்கு, அச்சடிக்கலாம் என்று பதிப்பாளருக்குச் செய்தி அனுப்பினான்.

அனுப்பிய கையோடு மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய், பகலிலேயே வீடு இருட்டிக்கொண்டு வர, சாத்தியிருந்த ஜன்னலையும் மீறி ஈரத் தார் வாசனையும் டீசல் புகையும், இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்துச் சூடேறிய லாரியின் கருகல் நாற்றமும் கூடத்துக்குள் மெல்ல மெல்ல வந்து நிறைந்தன. தொப்பூர் எங்கே, இந்த வீடு எங்கே?

சுவரில் சந்தியாவின் படம். மாயவன் போன் வெளிச்சத்தைக் காட்டினான்.

மோவாயில் மச்சம் இருந்தது.

துடைத்துப் பார்த்தான். போகவில்லை. சந்தியா எப்படிச் சிரிப்பாள்? யோசித்தான். அவன் எழுதிய வரிதான் வந்தது. அவள் குரல்? சசிகலாவின் குரல். அவள் நடை? காலை இழுத்து, இழுத்து. ஐயோ, நிஜமானவள் எங்கே போனாள்? அவளைக் கொன்றது போதாதென்று அழித்தும்விட்டானா?

யாரோ வாசற்கதவைத் தட்டினார்கள். மெல்ல.

"என்னங்க, நனைஞ்சுக்கிட்டு நிக்கறேன். கதவத் தொறங்க."

யார் குரல் இது? கேட்ட மாதிரியே இல்லை.

அடுப்படியில் ஒரு கால் தரையில் இழுபட்டது. நின்றது. மறுபடி இழுபட்டது. தக்காளி வாசனை அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

"அது யாரோ. தொறக்காதீங்க," என்றது, அவனுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

திரும்பவில்லை. ஜன்னலை மட்டும் ஒரு விரற்கடை திறந்தான்.

வாசலில் ஒரு பெண். தொப்பூரில் சந்தியா கட்டியிருந்த அதே நீலப் புடவை. தலை குனிந்திருந்தது. நிமிர்ந்தாள்.

கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. ஈரத் தோல் மட்டும்.

"என்னங்க..."

"யாருங்க நீங்க?" என்று கேட்டேவிட்டான்.

தட்டிய கை நின்றது. கண் இருக்க வேண்டிய இடத்திலிருந்து தண்ணீர் வழிந்தது. உப்புப் பிசுபிசுத்த விரல்கள் பின்னாலிருந்து அவன் தோளைப் பிடித்தன.

வெளியே இருந்தவள் போகவில்லை. அவன் வந்து திறப்பான் என்று மழையிலேயே நின்றாள்.