தானாக நிற்காத வண்டி

காலை பத்தரை மணி. கார் கம்பெனியின் சோதனை ஓடுதளத்தில் நிறுத்தியிருந்த ஆளுயர ரப்பர் பொம்மை தூரத்தில் குப்புறக் கிடந்தது. பொம்மைக்குப் பின்னால் குனிந்து அதன் தாங்கியைச் சரிசெய்துகொண்டிருந்த மெக்கானிக், கால் எலும்பு முறிந்து ஆம்புலன்ஸில் போய்விட்டார்.

குட்டி எஸ்யூவியின் தானியங்கி பிரேக்கைச் சோதிக்கும் ஓட்டம் அது. எதிரில் ஆள் நின்றால் வண்டி தானாக நிற்க வேண்டும். நிற்கவில்லை.

பெண் போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தபோது, அந்த பிரேக்கை வடிவமைத்த இளம் இன்ஜினியர் அழுது ஓய்ந்திருந்தாள். தன் தவறாகத்தான் இருக்கும் என்றாள். வண்டியை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து, மெதுவாகக் கிளப்பி ஓட்டிப் பார்த்தார்கள். பொம்மைக்கு முன்னால் சமர்த்தாக நின்றது.

விபத்தின்போது ஓட்டியவர் சீனியர் டிரைவர். எல்லோருக்கும் அவர் ‘வாத்தியார்’. பக்கத்து சீட்டில் இருந்தவன், அவர் மகளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை.

வாத்தியார் தெளிவாகவே பேசினார். இன்று இதுதான் முதல் ஓட்டம். விதிப்படி மெதுவாகக் கிளம்பினார். பிரேக்கில் கால் வைக்கக் கூடாது, வைக்கவில்லை. பொம்மைக்குப் பின்னால் ஆள் இருந்தது தெரியவில்லை. மாப்பிள்ளை குனிந்தபடியே தலையாட்டினான்.

இன்ஸ்பெக்டர் தொடக்கக் கோடு வரை நடந்தார். அன்று காலைதான் அடித்த வெள்ளை பெயின்ட். அதன் குறுக்கே இரண்டு கறுப்புத் தீற்றல்கள். இன்ஜினியரை அழைத்தார்.

“சக்கரம் வழுக்காம பார்த்துக்கிற வசதி இதுல இருக்குமே. அப்புறம் எப்படி டயர் இப்படித் தேயும்?”

“அதை ஆஃப் பண்ணாத்தான் தேயும் மேடம். பட்டனை அழுத்திப் பிடிச்சா…” அவள் நிறுத்தினாள். “தானியங்கி பிரேக்கும் சேர்ந்தே ஆஃப் ஆயிடும். இன்ஜினை அணைச்சுப் போட்டாத்தான் திரும்ப வரும்.”

இன்ஸ்பெக்டர் வாத்தியாரிடம் திரும்பினார். “மெதுவாக் கிளம்பின வண்டி கோட்டுல ரப்பரைத் தேய்ச்சுட்டா போகும்? மாப்பிள்ளைக்கு முதல்ல வேகத்தைக் காட்டியிருக்கீங்க. இன்ஜினை அணைக்காம அப்படியே சோதனைக்கு வந்துட்டீங்க.”

“மறந்துட்டேன்மா,” என்றார் வாத்தியார்.

மறந்தது உண்மை. ஆனால் இடித்த கணமே ஞாபகம் வந்துவிட்டது. மாப்பிள்ளை முன்னால் மானம் போகுமே என்று, அந்தப் பெண் அழுவதைப் பார்த்துக்கொண்டே வாய் மூடி நின்றிருந்தார்.

“வேகமாப் போகச் சொன்னது நான்தான்,” என்றான் மாப்பிள்ளை. குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

இன்ஜினியர் திட்டவில்லை. “மெக்கானிக் அண்ணன் என்னைத்தான் தப்பா நினைச்சுட்டுப் போயிருப்பார். நீங்களே ஆஸ்பத்திரிக்கு வந்து அவர்கிட்ட சொல்லுங்க.”

போலீஸ் ஜீப்பை நெருங்கியதும் பழக்கதோஷத்தில் வாத்தியாரின் கால்கள் ஸ்டீயரிங் பக்கம் திரும்பின. கான்ஸ்டபிள் பின்கதவைத் திறந்தார். வாத்தியார் யார் முகத்தையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தார்.