கம்பளிக்கு வேர்த்தது

எடுத்தால் அக்கா போச்சு... எடுக்காவிட்டால் வேலை போச்சு. எது முதலில் போகட்டும்?

ட்ரிங்... ட்ரிங்...!

வங்கியின் கண்காணிப்பு அதிகாரியான அவள், மேஜை ஃபோனைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள். திரையில் அக்கா புருஷனின் நம்பர்!

"எடும்மா," என்றார் எதிரே டீ உறிஞ்சிக்கொண்டிருந்த மேனேஜர்.

அத்தான் ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்துகிறார். வெளிநாட்டு அனாதைகளுக்குக் கம்பளி வாங்கப் பணம் அனுப்பியிருந்தார். போகிற ஊரோ, வருடம் முழுக்க வேர்த்துக் கொட்டும் துறைமுகம். அங்கே பணத்தை வாங்குகிறவனோ, போன மாதம் வெடித்த குண்டுக்குக் கூலி கொடுத்தவனின் மைத்துனன்!

காலையில் பணத்தை நிறுத்திவிட்டாள். நிதி உளவுப் பிரிவுக்கு ரகசிய அறிக்கையும் போய்விட்டது. வங்கியில் தெரிந்தது இரண்டே பேருக்கு. வாடிக்கையாளர் கேட்டால் 'சர்வர் டவுன்' என்று மட்டும் சொல்ல வேண்டும். அதுவும் ஸ்பீக்கரில், இன்னொருவர் கேட்க. விதி!

பாவம், அத்தானை யாராவது ஏமாற்றியிருக்கக் கூடாதா...? மனசு ஓரமாக நின்று கெஞ்சியது.

ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"என்ன மச்சினி, என் பணம் எங்க தூங்குது?"

"சர்வர் டவுன் அத்தான்."

"அங்க பசங்க குளிர்ல நடுங்குதுங்க!"

"அந்த ஊர்லயா? அங்க கம்பளிக்கே வேர்க்குமே அத்தான்!"

அத்தான் குரலில் இருந்த சிரிப்பு நின்றது.

"வாலாட்டாதே! உளவுப் பிரிவுக்கு ரிப்போர்ட் போட்டுட்டு, என்கிட்ட சர்வர்னு கதை விடறியா? மரியாதையா வாபஸ் வாங்கு. இல்ல... உங்க அக்கா பெட்டியோட உன் வீட்டு வாசல்ல நிப்பா!"

அவளுக்குள் எதுவோ பட்டென்று அறுந்தது. அத்தான் ஏமாளி இல்லை.

"வரட்டும். அவ ரூம் காலியாத்தான் இருக்கு... ஆமா, ரிப்போர்ட் விஷயம் உங்களுக்கு யார் சொன்னது?"

டக்!

லைன் செத்துப்போனது.

தெரிந்தது இரண்டே பேருக்கு. ஒன்று, அவள்.

மெல்ல நிமிர்ந்தாள்.

மேனேஜரின் கோப்பை தட்டில் தந்தியடித்துக்கொண்டிருந்தது!

"ரெக்கார்டு... ஆயிருக்குமாம்மா?"

"ஆகாம? நீங்கதானே சார் போன மாசம் மெஷின் மாட்டச் சொன்னீங்க?"

"அழிச்சுடும்மா... என் பொண்ணு மாதிரி நினைச்சுக் கேக்கறேன்!"

அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"மன்னிக்கணும் சார்... சர்வர் டவுன்."