போறேன் என்றான் ரூஃபஸ்

குப்பைத் தொட்டியை ரோட்டோரம் வைக்கப் போனால்கூட "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ரூஃபஸ் வாசலைத் தாண்டுவான். அவர்கள் குடியிருக்கும் ஃபிரிஸ்கோவில் பக்கத்து வீட்டு ருக்மிணி ஆன்ட்டி அதைச் சொல்லி அவனைக் கேலி செய்யாத நாள் கிடையாது. அப்படிப்பட்டவன் இன்று சாயங்காலம், ஊசி ஊசியாக நிற்கும் இந்தச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே, பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நீ இங்கயே நில்லு கிருபா. அந்த ரிங்டெயில் பூனை இந்த கேப் வழியாதான் இறங்கும். டிரைபாட கார்லயே விட்டுட்டேன். நான் போறேன்."

"போயிட்டு வரேன்னு சொல்லுங்க," என்றாள் கிருபாராணி.

அவன் காதில் வாங்காமல் இறங்கிப் போய்விட்டான்.

சரி, பாவம், அவன் மனசு அவனிடம் இல்லை என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். போன வருஷம் தம்பி ஸ்டெபினுடன் இங்கே விலங்குகளைப் படம் எடுக்க வந்தவன், தனியாகத்தான் வீடு திரும்பினான். நாய்கள் தேடின, ஹெலிகாப்டர் தேடியது, ஸ்டெபினின் தொப்பிகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ரூஃபஸ் சிரித்து அவள் பார்த்ததில்லை. அவனுக்காக அவள் சர்ச்சில் முட்டி போட்டு அழாத ஞாயிறு இல்லை. போன வாரம் அவனே வந்து, "அங்க ஒரு தடவ போனா மனசு ஆறும் கிருபா, நீயும் வா," என்றபோது, ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்றே நம்பினாள். மகன் இவானை ருக்மிணி ஆன்ட்டி வீட்டில் விட்டார்கள். விடிந்ததும் ரூஃபஸே எலுமிச்சை சாதம் கிளறி மூன்று பொட்டலம் கட்டினான்.

"ரெண்டு பேருக்கு மூணு எதுக்குங்க?"

"இருக்கட்டும்."

காலையில் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது, ஆளில்லாத இந்த இடத்தில் நிற்கும்போது, ஏனோ அந்த மூன்றாவது பொட்டலம் மனசை அரித்தது.

இடம் அழகாகத்தான் இருந்தது. உச்சியில் கழுகுகள் இறக்கையை விரித்து வெயில் காய்ந்தன, பொந்துக்குப் பொந்து அணில்கள் தாவி ஓடின, கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் குருவி மாடிப்படி இறங்குவது போல ஒவ்வொரு சுரமாக இறக்கிப் பாடிக்கொண்டே இருந்தது, சீடர் மரங்களின் காரமான வாசத்துக்கு அடியில், அப்போதுதான் வெள்ளையடித்த அறைக்குள் நுழைந்தால் வருமே, அந்த ஈரச் சுண்ணாம்பு வாசம் லேசாக வந்துகொண்டிருந்தது. இவ்வளவு காய்ந்த இடத்தில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை.

வெயில் பாறைகளின் தலையை விட்டு இறங்கியபோது ரிங்டெயில் வந்தது. பூனையைவிடச் சின்ன உடம்பு, கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட நீள வால், முகத்தில் பாதி கண். கிருபாராணி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஃபோனை உயர்த்தினாள். அது அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது. மயிர் சிலிர்த்து, வந்த வழியே பாய்ந்து மறைந்தது.

திரும்பிப் பார்த்தாள். பாறைதான். முன்பு இவ்வளவு பக்கத்தில் இருந்ததா?

அணில்களைக் காணோம். கழுகுகளும் இல்லை. குருவி மட்டும் பாடியது. சுரம் சுரமாக இறங்கி, கடைசியில், ஓர் ஆள் மூச்சு இழுக்கும் சத்தத்தோடு நின்றது.

தடுமாறிப் பாறையில் கை ஊன்றினாள். சுட்டது. வெயிலே படாத பக்கம் அது.

"கிருபா," என்றது ரூஃபஸின் குரல்.

"அப்பாடா, வந்துட்டீங்களா? எங்க இருக்கீங்க? ரொம்ப பயந்துட்டேங்க."

பதில் வந்தது. ஆனால் அது அவளுக்கான பதில் இல்லை. ரூஃபஸ் அழுதுகொண்டிருந்தான், யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான், கல்லுக்குள்ளிருந்து.

"அவன விட்டுடு. என் தம்பிய விட்டுடு. அடுத்த வருஷம் வேற ஆள கூட்டிட்டு வரேன்."

அதே வார்த்தைகள் பக்கத்துப் பாறையிலிருந்தும் வந்தன. பிறகு அதற்கடுத்த பாறையிலிருந்து. போன வருஷம் கேட்டதைக் கேட்டபடி, அழுகையும் மாறாமல்.

ஓடினாள். முழங்கால் சிராய்த்தது, ஃபோன் விழுந்தது, குனிந்து எடுக்கவில்லை. விளிம்புக்கு வந்து கீழே பார்த்தாள். பார்க்கிங்கில் அவர்கள் கார் மட்டும். பக்கத்தில் ரூஃபஸ். அவன் எதிரே, தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூள் படிந்த ஓர் உயரமான ஆள். ரூஃபஸ் அந்த முகத்தைத் துடைத்தான். அவள் காரில் விட்டுவந்த துப்பட்டாவால். துடைக்கத் துடைக்க அது ஸ்டெபின் ஆனது. மூன்றாவது பொட்டலத்தைப் பிரித்து ரூஃபஸ் அவன் கையில் வைத்தான். சிரித்தான். ஒரு வருஷமாக அவள் எந்தச் சிரிப்புக்காக ஜெபம் செய்தாளோ, அதே சிரிப்பு.

"ஏங்க!" என்று கத்தினாள். தொண்டை கிழிந்தது. "ஏங்க! நம்ம இவானுக்கு என்ன சொல்வீங்க?"

ஸ்டெபின் நிமிர்ந்து பார்த்தான். ரூஃபஸ் பார்க்கவில்லை. காது கேட்காதவன் இல்லை அவன். தம்பியைத் தோளில் அணைத்து முன்சீட்டில் உட்கார வைத்தான். அவள் சீட்டில். கதவைச் சாத்தினான். கார் கிளம்பியது.

பாவி. நம்பினேனே.

சிவப்பு விளக்குகள் வளைவில் மறைந்தன. இருட்டவில்லை இன்னும். எல்லாம் தெரிந்தது. விளிம்பைச் சுற்றி ஊசிப்பாறைகள். வரும்போது இங்கே ஒன்றுகூட இல்லை.

ஈரச் சுண்ணாம்பு வாசம்.

அவள் பாதத்தில் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. தோளில் உதிர்ந்தது. கழுத்துக்கு மிக அருகில், சூடாக, அவன் இறங்கிப் போனதிலிருந்து அவள் கேட்க ஏங்கிய வார்த்தையை ரூஃபஸின் குரல் சொன்னது.

"வரேன்."