ஒரு சாண் ஜன்னல்

அடுப்பு கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது, ஆனால் அதன் புகைக்குழாய் சுடவில்லை. ஞானசெல்வி பயந்து பயந்து ஒரு விரலால் தொட்டாள், பிறகு உள்ளங்கையையே வைத்துப் பார்த்தாள். காலையில் கை வைக்க முடியாமல் கொதித்த இரும்பு, மத்தியானம் மூன்று மணிக்குக் கிணற்றுத் தண்ணீராய்ச் சில்லிட்டிருந்தது. இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டாள்.

வருசநாட்டில் ஆடிச் சாரல் பிடித்தால் லேசில் விடுமா? பத்து நாளாக வெயில் முகமே இல்லை. ஈரச் சுவரும் நனைந்த விறகும் பிள்ளைத் துணியும் சேர்ந்து ஒரு புளித்த வாடை வீட்டையே பிடித்துக்கொண்டிருந்தது. பிறந்து இருபத்திரண்டு நாளான பிள்ளைக்கு வெதுவெதுப்பு வேண்டுமென்று அவள் புருசன் முத்துப்பாண்டி முந்தாநாள்தான் அந்த ஒற்றை அறை வீட்டில் இரும்பு அடுப்பை வைத்தான். வெல்டிங்காரர் சுவரைவிட்டு இரண்டடி தள்ளி, அடியில் கல் பரப்பி நிறுத்தினார். குழாயை உத்தரத்தில் ஒட்டாமல் தகரக் கூரைக்கு மேலே மூன்றடி ஏற்றினார்.

"ஜன்னல மட்டும் ஒரு சாண் தெறந்தே வைங்க தாயி. நெருப்புக்கும் மூச்சு வேணும். அடைச்சா, உள்ள இருக்கவுக மூச்சத்தான் அது குடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பச்சை உடம்புக்காரி ஜன்னலைத் திறந்து வைப்பதாவது! காதில் பஞ்சடைத்து, தலையில் துண்டு கட்டிக் கிடக்கிற நேரம் அது. இருந்தாலும் திறந்துதான் வைத்திருந்தாள், ஒரு மணி வரைக்கும்.

ஒரு மணிக்குத்தான் கடமலைக்குண்டுக்கு மருந்து வாங்கப் போன முத்துப்பாண்டி திரும்பி வந்தான். வீட்டுக்குள் வராமல் நேரே கூரைமேல் ஏறிவிட்டான். தகரம் நெளிவது பஞ்சையும் மீறிக் கேட்டது. குழாய் வழியாக அவன் குரல் கம்மலாக இறங்கியது.

"செல்வி, பிள்ளைக்குக் காத்து ஆகாது. ஜன்னல அடை."

குழாய் மூடியைச் சரிபார்க்க ஏறியிருக்கிறான் என்று நினைத்து அடைத்தாள்.

"கதவுக்கடியிலயும்."

பழைய சேலையைச் சுருட்டிச் செருகினாள்.

"கூரைச் சந்துலயும்."

தையல் போட்ட வயிறு இழுக்க இழுக்க, முக்காலியில் ஏறி அதையும் அடைத்தாள். புருசன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவள், பாவம். அதற்கப்புறம் இரண்டு மணி நேரமாக அவன் கூரையைவிட்டு இறங்கவில்லை. அடுப்பில் புகை பொட்டுக்கூட இல்லை, வெறும் கங்குதான். அதனால் அவளுக்குப் பயமும் இல்லை. தலைதான் பாறாங்கல்லாய்க் கனத்தது.

செல்போன் அதிர்ந்தது. ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"செல்வி, ஓடையில வெள்ளம். பஸ் போகல. ஜன்னல தெறந்து வச்சிருக்கேல்ல?"

"நீங்கதான அடைக்கச் சொன்னீக."

"நான் எங்கிட்டுச் சொன்னேன்? நான் இன்னும் கடமலைக்குண்டுலயே நிக்கிறேன்."

கூரையில் தகரம் நெளிந்தது. மெல்ல, குழாயைச் சுற்றி.

அப்போதுதான் தொட்டிலைப் பார்த்தாள். பால் நேரம் தாண்டியும் பிள்ளை அழவில்லை. கன்னம் மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. தூக்கினாள். தலை துவண்டது. அய்யோ, என் சாமி.

போன் கைநழுவி விழுந்தது. பிள்ளையை மார்போடு அணைத்தபடி, கதவை நோக்கித் தவழ்ந்தாள். சேலைச் சுருளைப் பிடுங்கினாள். தாழ்ப்பாள் வழுக்கியது.

"காத்து ஆகாது" என்றது குழாய்.

கதவு திறந்துகொண்டது.

சாரல் முகத்தில் அடித்தது. வாசலில் நாலடி தள்ளிப் போய்ச் சேற்றில் உட்கார்ந்து பிள்ளையை உலுக்கினாள். ஒரு விக்கல். இன்னொன்று. பிறகு வீறிட்டு அழுதான். அவளும் அழுதாள். பிழைத்துவிட்டான். அது போதும் அவளுக்கு.

நிமிர்ந்து பார்த்தாள். கூரை காலியாக இருந்தது.

வீட்டுக்குள் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"செல்வி? பிள்ளை எப்படி இருக்கான்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"நல்லாத் தூங்குறான்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அவள் குரல். "நீங்க வெரசா வாங்க."

அந்தக் குரலைக் கேட்டதும் பிள்ளை அழுகையை நிறுத்தினான். பாலுக்குத் தேடுவது போல உதட்டைக் குவித்து, மெல்ல, வீட்டுப் பக்கமாக முகத்தைத் திருப்பினான்.