நீலக் கயிறு

காலை மழை விட்டதும் ஜெயராணி ஈரத் துணிகளை வேலிச் செடிகளின் மேல் விரித்தாள். முற்றத்தில் கட்டியிருந்த நீல நைலான் கயிறு வெறுமனே தொங்கியது. அதில் துணி போட அவளுக்குக் கை கூசி இரண்டு வருடமாகிறது.

"என்னடி அந்தக் கயித்தையே பாக்குற? எம்புள்ள எலும்பும் தோலுமா வந்திருக்கான்... எல்லாம் உன்னாலதான்!" என்று மாமியார் ரெங்கம்மா கத்தினாள்.

ஜெயராணி அடுத்த துணியை எடுத்து உதறினாள்.

கணவன் விஜயனும் அவன் தம்பி தேவேந்திரனும் தீவுக் கடலில் கடலட்டை திருட வரும் வெளிநாட்டுப் படகுகளை மடக்கி, தங்கள் டிங்கி என்ற சிறு படகில் கயிறு கட்டி இழுத்து வருபவர்கள். ஒரு கான்ட்ராக்டர் அனுப்புவார். பிடித்த படகின் என்ஜின் அண்ணன் தம்பிக்குக் கூலி. இழுத்து வரும்போது பிடித்த படகில் ஏறியிருப்பது எப்போதும் கல்யாணமாகாத தம்பிதான். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் டிங்கியிலிருந்த இந்த நீலப் புதுக் கயிற்றைத் துணி காயப்போட ஜெயராணி எடுத்துவிட்டாள். பழைய கயிறு அறுந்து, பிடித்த படகோடு தம்பியைக் கடல் இழுத்துப் போய்விட்டதென்று விஜயன் தனியே திரும்பினான்.

போனவன் பர்மாக் கரையில் ஒதுங்கி, திருடனென்று சிறையில் கிடந்து, விடுதலையாகி நேற்றுத்தான் கல்கத்தாவிலிருந்து வரும் கப்பலில் தீவில் வந்திறங்கினான்.

சத்தம் கேட்டு தேவேந்திரன் எழுந்து வந்தான்; பின்னாலேயே விஜயனும் வந்தான். "ஏம்மா அண்ணிய ஏசுற?"

"இவ புதுக்கயித்த எடுக்காட்டி பழசு அறுந்திருக்குமா?"

"அரே, அறுந்துச்சா? நான்தாம்மா வெட்டினேன்! அலையில அந்தப் படகு திரும்பி அண்ணன் டிங்கியக் கவுக்கப் பாத்துச்சு. புதுக்கயிறா இருந்தாலும் வெட்டித்தான் இருப்பேன்... அண்ணனுக்குத் தெரியுமே!"

ஜெயராணி கணவன் பக்கம் திரும்பினாள். "தெரியுமா?"

விஜயன் தலை கவிழ்ந்தான். "தம்பி வெட்டுறதப் பாத்துட்டும் அவன விட்டுட்டு வந்தேன்னு சொன்னா அம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்? பழிய நீ தாங்கிக்குவன்னு..."

"தாங்கிக்கிட்டேன்."

ரெங்கம்மா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "தாயி... என்னைய மன்னிச்சிடு தாயி!"

மாமியாரின் கண்ணீரைத் துடைத்துவிட்டு ஜெயராணி உள்ளே போனாள். பையோடு வந்தாள்.

"கராச்சர்மாவுல அக்கா வீட்டுக்குப் போறேன் மாமி. தம்பிக்குக் கஞ்சி அடுப்புல இருக்கு."

"ஜெயா... எப்ப வருவ?" என்றான் விஜயன்.

"நம்ம ஊரு மின்னி பே பூராவும் கயிறு அறுந்துச்சுன்னு சொன்னீங்கல்ல? அதே வாயால, தம்பி வெட்டினதுன்னு ஒவ்வொரு வாசலா போய்ச் சொல்லுங்க. அப்புறமா வந்து கூப்பிடுங்க."

பஸ் ஏறித் திரும்பிப் பார்த்தாள். ரெங்கம்மா வேலியிலிருந்து அவளுடைய ஈரப் புடவையை எடுத்து உதறி, அந்த நீலக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள்.